விளக்குக்கா, அடுப்புக்கா?

ஐப்பசி மழையில் அடுப்படிச் சுவர் இடிந்து விழுந்தபோது உடையப்பன் வீட்டில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. சுவரோடு போனது ஓர் அம்மியும், இரண்டு மண்பானைகளும், ஓரகத்திகள் இருவரின் பேச்சுவார்த்தையும்தான்.

அண்ணன் உடையப்பனின் மனைவி சண்முகவள்ளி. தம்பி நல்லுசாமியின் மனைவி கண்ணம்மாள். விழுந்த சுவரைச் செங்கல்லும் சிமெண்டுமாக எடுத்துக் கட்டும்போதே மேடை போட்டு, தொழுவத்துக்குப் பின்னால் சாணி கேஸ் தொட்டி வைத்து, புகையில்லாத அடுப்பு வைத்துவிடலாம் என்று சின்னவள் என்றைக்குச் சொன்னாளோ, அன்றிலிருந்து பெரியவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏன் என்று அவள் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை.

ஆனால் செம்பட்டி வட்டாரத்தில் யாருமே எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. சாணி கேஸ் திட்டத்துக்காகக் கதர் போர்டு ஆள் வந்து பேசியதும் உடையப்பன் மறுவார்த்தை இல்லாமல் தொட்டிக்குச் சம்மதித்தார். தம்பி எதைக் கேட்டாலும் முதலில் 'வேண்டாம்' என்கிற மனிதர் அவர். தொட்டி வெட்டினார்கள். சாணியும் தண்ணீரும் கரைத்து ஊற்றினார்கள். கவிழ்த்து வைத்த இரும்பு டிரம், உள்ளே வாயு நிறைந்ததும் தானாக எழும்பி மிதந்தது. கண்ணம்மாள் தினமும் காலையில் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தாள்.

உடையப்பன் எதற்காகச் சம்மதித்தார் என்பது இந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் தெரிந்தது.

"பாஸ்கல், குழாய இப்படித் திருப்பு."

திண்டுக்கல்லிலிருந்து குழாய் பூட்ட வந்திருந்த பாஸ்கல் நிமிர்ந்து பார்த்தான். தொட்டியிலிருந்து தொழுவத்துச் சுவரை ஒட்டியே குழாய் பதிக்க வெட்டிய வாய்க்கால் முற்றத்து மூலையில் முடிந்திருந்தது. அங்கிருந்து இடப்பக்கம் திரும்பினால் அடுப்படி. உடையப்பனின் கை வலப்பக்கம் நீண்டிருந்தது.

"ஐயா, அடுப்படி அங்கிட்டுல்ல இருக்கு?"

"அடுப்படிக்கு யாரு கேட்டா? முன்கூடத்துக்குக் கொண்டு போ. நடு விட்டத்துல கேஸுல எரியுற ரெண்டு மாண்டில் வெளக்கு தொங்கணும். சாயங்காலம் எலெக்சன் விசயமா ஆத்தூர்லருந்து ஆளுக வாராக."

யூனியன் தேர்தல் வருகிறது என்றும், உடையப்பன் நிற்கப்போகிறார் என்றும் செம்பட்டிச் சந்தையில் பேச்சு இருந்தது. கரண்டுக் கம்பம் இன்னும் எட்டிப்பார்க்காத அந்தத் தெருவில், சீமெண்ணெய் ஊற்றாமல் எரியும் விளக்கு தன் வீட்டில்தான் முதலில் எரியப்போகிறது என்று அவர் ஒரு வாரமாகவே சொல்லி வைத்திருந்தார். வெண்கலக் கடைக்காரனுக்குக்கூடத் தெரிந்திருந்தது. வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியவில்லை.

"ரெண்டு பக்கமும் இழுக்க முடியாதா பாஸ்கலு?" என்று நல்லுசாமி மெதுவாகக் கேட்டான்.

"இருக்கிற குழாய் ஒரு பக்கத்துக்குத்தான் காணும்ணே. அடுத்த லோடு தை பொறந்தாத்தான்."

அடுப்படிச் சுவரில் சிமெண்டு பூசிக்கொண்டிருந்த கொத்தனார் முனியப்பன் கரணையைக் கீழே வைத்தார். "அப்ப எனக்கு ஒரு முடிவு சொல்லுங்க. குழாய் வரும்னா இப்பவே தொளை விட்டுப் பூசிருவேன். பூசி முடிச்சிட்டு அப்புறம் ஒடைன்னா நான் ஆள் இல்ல."

"பூசுய்யா. பூசின சொவத்துல எவனும் ஓட்டை போட மாட்டான். நான் போட விடவும் மாட்டேன்" என்றார் உடையப்பன்.

"மாமா."

எல்லோரும் திரும்பினார்கள். பின்பக்கத்துக் கீற்றுக் கொட்டகையிலிருந்து கண்ணம்மாள் வந்து நின்றாள். கையெல்லாம் விறகுக் கரி. முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"கேஸு அடுப்புக்குன்னு சொல்லித்தான தொட்டி வெட்டுனோம்?"

உடையப்பன் அவளைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தார். தம்பி மனைவியிடம் எதைச் சொல்ல வேண்டியிருந்தாலும் தம்பி மூலமாகத்தான் சொல்வார்.

"உம் பொண்டாட்டிட்ட சொல்லுடா. வெறகு எரிஞ்சா சோறு வேகாதா? இத்தன வருசம் வெந்துச்சுல்ல? வெளக்கு ஊருக்குத் தெரியும். அடுப்பு யாருக்குத் தெரியப்போவுது?"

"எங்களுக்குத் தெரியும் மாமா. ஊதுற எங்க கண்ணுக்குத் தெரியும்."

"ஊதுறவளே வேணாம்னுட்டா!" உடையப்பன் குரலை உயர்த்தினார். "அவ அக்காளயே கேக்கச் சொல்லு. சாணி நாத்தத்துல நான் சோறாக்க மாட்டேன்னு அவளே சொல்லிட்டா. மூத்தவளே வேணாங்கிறப்ப எளையவளுக்கு என்ன இம்புட்டு வீம்பு?"

கண்ணம்மாளுக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது. ஆனால் அவள் அழவில்லை, பின்வாங்கவும் இல்லை. முன்கூடத்துப் பக்கமாகக் கடப்பாரையால் கோடு கிழித்திருந்த இடத்துக்குப் போனாள். கோட்டின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தப் பக்கம் குழாய் போகணும்னா எம்மேலதான் போகணும்."

பாஸ்கல் கையிலிருந்த குழாயைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தான். முனியப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நல்லுசாமி மட்டும் இரண்டடி முன்னால் வந்தான்.

"கண்ணு, எந்திரிச்சு வா. அண்ணே சொல்றாகல்ல."

"நீங்க வந்து ஒக்காருங்க. நமக்கும் சேத்துத்தான் நான் ஒக்காந்திருக்கேன்."

நல்லுசாமி உட்காரவில்லை, போகவும் இல்லை. அப்படியே நின்றான்.

உடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். ஒரு பெண்பிள்ளையைக் கையைப் பிடித்து இழுக்க அவருக்கு மனம் வராது. கத்தி ஊரைக் கூட்டினால், அதுவும் தேர்தல் சமயத்தில், அவருக்குத்தான் கேவலம்.

"நான் திண்டுக்கல் போயி வெளக்கு வாங்கிட்டு வாரேன். வர்றதுக்குள்ள குழாய் கூடத்துல இருக்கணும். இல்ல, நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது."

சாலையில் பஸ் ஹாரன் கேட்டது. அவர் விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

கண்ணம்மாள் எழுந்து நேராகக் கீற்றுக் கொட்டகைக்குப் போனாள்.

சுவர் விழுந்ததிலிருந்து சமையல் அங்கேதான். மூன்று பக்கம் தட்டி, தலைக்கு மேல் ஓலை, ஈர விறகு. புகை வெளியே போக வழி தெரியாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. சண்முகவள்ளி குனிந்து ஊதுகுழலை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். அவளுடைய கண்கள் எப்போதுமே சிவந்திருக்கும். இப்போதெல்லாம் உப்புச் சட்டிக்கும் புளிச் சட்டிக்கும் தடவிப் பார்த்துத்தான் கை வைக்கிறாள். வீட்டில் அதைக் கவனித்தவள் கண்ணம்மாள் ஒருத்திதான்.

"அக்கா, நீங்க கேஸு வேணாம்னு மாமாட்ட சொன்னீகளா?"

ஊதல் நிற்கவில்லை.

"சாணி நாத்தத்துல சோறாக்க மாட்டேன்னு சொன்னீகளாம்ல. எல்லார் முன்னாடியும் சொல்றாக."

சண்முகவள்ளி ஊதுகுழலைக் கீழே வைத்தாள். இருமல் வந்தது. இருமி முடிக்கும்வரை கண்ணம்மாள் நின்றாள்.

"நான் எப்பச் சொன்னேன்? என்னைய யாரு கேட்டா?"

"அப்ப நீங்க சொல்லல?"

"கேட்டாத்தான சொல்றதுக்கு! அவரு கேக்கல. அது எனக்குப் பழகிப்போச்சு. நீ கேட்டியா?"

கண்ணம்மாள் திகைத்தாள்.

"கொத்தனார்ட்டப் பேசின. ஒம் புருசன்ட்டப் பேசின. கதர் போர்டு ஆளுக்கு மோரு கலக்கிக் குடுத்து அவருட்டயும் பேசின. அடுப்பு எங்க, மேடை எங்க, சன்னல் எங்கன்னு அம்புட்டையும் நீயா முடிவு பண்ணின. வாக்கப்பட்ட நாள்லருந்து எனக்கு இதே அடுப்படிதான். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா கண்ணம்மா? நான் என்ன, அந்த இடிஞ்ச சொவரா?"

கண்ணம்மாள் விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்தாள். அவளுடைய அப்பா கொடைரோடு ஸ்டேஷனில் வேலை பார்த்தவர். ரயில்வே குவார்ட்டர்ஸில் மேடை வைத்த அடுப்படியைப் பார்த்து வளர்ந்தவள் அவள். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து இந்தப் புகையை எப்படியாவது விரட்ட வேண்டும் என்பதிலேயே குறியாக இருந்துவிட்டாள்.

"கேக்கல அக்கா" என்றாள். "கேட்டா வேணாம்னு சொல்லிப்புடுவீகளோன்னு பயந்துட்டேன்."

"இப்பக் கேளு."

"என்னது?"

"இப்பக் கேளுன்னேன்."

கண்ணம்மாள் எழுந்து நின்றாள். ஏன் எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "அக்கா, அடுப்படிக்குக் கேஸு வேணுமா?"

"வேணும்."

"ஒங்களுக்கு நின்னு சமைக்க வராதுன்னா மேடை வேணாம். கீழயே ஒக்காந்து…"

"எவ சொன்னா? ஒக்காந்தா எந்திரிக்க முடியல. முழங்காலு ரெண்டும் பிடிச்சுக்கிருது. மேடை வேணும். ஆனா நீ போடச் சொன்ன ஒசரம் ஆகாது. நீ பனமரம். அந்த ஒசரத்துலருந்து சோத்துப் பானைய நான் எப்படி எறக்குவேன்? ஒரு சாண் கொறைக்கணும். சன்னலுக்கு நேரா அடுப்பு வைக்கக் கூடாது. மேல்காத்து அடிச்சா அணைஞ்சு போகும். இந்தப் பக்கமாத் தள்ளி வைக்கச் சொல்லு." மூச்சு வாங்கச் சொல்லி முடித்தவள், வெளியே எட்டிப்பார்த்தாள். "அவரு போய்ட்டாரா?"

"பஸ்ஸு ஏறிட்டாக."

"அப்ப வா."

சண்முகவள்ளி முற்றத்துக்கு வந்து பேசியதை அதுவரை வேலையாட்கள் யாரும் பார்த்ததில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதற்குக்கூடக் கதவுக்குப் பின்னால் நின்று வளையலைத் தட்டுகிறவள்.

"தம்பி, குழாய அடுப்படிக்குத் திருப்பு. கொத்தனாரே, தொளை போடுங்க. மேடைய ஒரு சாண் எறக்குங்க."

பாஸ்கல் தலையைச் சொறிந்தான். "ஐயா வந்து கேட்டா நான் என்ன சொல்றது ஆத்தா?"

"உடையப்பன் பொண்டாட்டி சொன்னான்னு சொல்லு."

கணவன் பெயரை அவள் சொல்லிக் கேட்டதும் முனியப்பனின் வாய் திறந்தபடி நின்றது. சண்முகவள்ளிக்கே தான் என்ன சொன்னோம் என்பது ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் கையை எடுத்துவிட்டாள்.

"மதினி," என்றான் நல்லுசாமி, "அண்ணே கேட்டா நான் தோட்டத்துல இருந்தேன்னு சொல்லிருங்க."

"போங்க. போயித் தோட்டத்துலயே இருங்க" என்றாள் கண்ணம்மாள். நல்லுசாமி நிஜமாகவே போய்விட்டான்.

வேலை மளமளவென்று நடந்தது. குழாய் அடுப்படியிலிருந்து தொட்டியை நோக்கிச் சரிவாக இருக்க வேண்டும் என்றான் பாஸ்கல். வாயுவோடு வரும் ஈரம் நடுவழியில் தண்ணீராகத் தேங்கினால் அடைத்துக்கொள்ளுமாம். தண்ணீர் தொட்டிக்கே திரும்பி ஓடிவிட்டால் தொந்தரவு இல்லை. முற்றத்து நடுவில் தரை பள்ளமாக இருந்ததால் அந்த இடத்தில் செங்கல் அடுக்கிக் குழாயைத் தூக்கிக் கொடுத்தார்கள். செங்கல் எடுத்துக் கொடுத்தது சண்முகவள்ளி. மண் தள்ளியது கண்ணம்மாள். நாலு வாரம் பேசாமல் விட்டதையெல்லாம் அந்த மத்தியானத்தில் இருவரும் பேசித் தீர்த்தார்கள். பெரும்பாலும் திட்டுதான். ஒருத்தியை ஒருத்தி திட்டினார்கள், இருவரும் சேர்ந்து மூன்றாம் ஆளைத் திட்டினார்கள். பாஸ்கல் காது கேளாதவன் போலக் குழாயை முறுக்கிக்கொண்டிருந்தான்.

வெயில் தாழ்ந்தபோது அடுப்பை மேடைமேல் வைத்துப் பூட்டியாயிற்று. குழாயில் இருந்த காற்று வெளியேறட்டும் என்று சற்று நேரம் திறந்துவிட்டு, பிறகு தீப்பெட்டியைக் கண்ணம்மாளிடம் நீட்டினான் பாஸ்கல். கண்ணம்மாள் அதை வாங்கி சண்முகவள்ளியின் கையில் வைத்தாள்.

"எனக்குப் பயமாருக்குடி."

"எனக்கும்தான். பத்த வைங்க."

முதல் குச்சி கையிலேயே அணைந்தது. இரண்டாவது குச்சி அடுப்பைத் தொட்டதும் 'பொப்' என்று ஒரு சத்தம். சண்முகவள்ளி துள்ளி விலகினாள். பிறகு கிட்டே வந்து பார்த்தாள். நீலமாக, சத்தமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. அவள் பழக்கதோஷத்தில் குனிந்து ஊதப் போனாள். கண்ணம்மாள் அவள் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"ஊத வேணாம்க்கா."

சண்முகவள்ளி நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது. இந்த முறை புகையைக் குற்றம் சொல்ல முடியாது.

காப்பிக்கு வைத்த தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபோது வாசலில் ஆத்தூர் வண்டி வந்து நின்றது.

உடையப்பன் வைக்கோல் சுற்றிய விளக்குப் பெட்டியைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னாலேயே ஆத்தூரிலிருந்து வந்தவர்கள். முன்கூடத்து விட்டத்தை அண்ணாந்து பார்த்தார். அங்கே குழாயும் இல்லை, ஒன்றும் இல்லை. வழக்கமான அரிக்கேன் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னப்பா உடையப்பா, வெளக்கு எங்க?" என்றார் வந்தவர்களில் மூத்தவரான நாச்சிமுத்து.

உடையப்பன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்கு நடந்தார். நாச்சிமுத்துவும் மற்றவர்களும் தொடர்ந்து வந்து நிலைப்படியில் நின்று எட்டிப்பார்த்தார்கள். அடுப்பைப் பார்த்ததும் நாச்சிமுத்து உடையப்பனை மறந்துவிட்டார்.

"ஏப்பா, பொகையவே காணோமேப்பா! ஏ ஆத்தா, அது சுடுமா?"

"காப்பி கொதிக்குதுல்ல மாமா" என்றாள் கண்ணம்மாள். "செத்த இருங்க, ஆத்தித் தாரேன்."

"எங்க வீட்டுக் கெழவி இதப் பாத்தா என்னையத் தொரத்தியே விட்டுருவாளே" என்று அவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எந்த விஷமும் இல்லை. ஆனால் உடையப்பனுக்கு அது தன்னைப் பார்த்துச் சிரித்ததாகவே பட்டது. திரும்பித் தொழுவத்துப் பக்கம் போனார். டிரம்மின் தலையில் இருந்த வால்வைப் பிடித்து ஒரே திருகாகத் திருகி மூடினார்.

அடுப்பில் தீ சிறுத்தது. துடித்தது. அணைந்தது.

காப்பித் தண்ணீரின் கொதிப்பு அடங்கியதும் சண்முகவள்ளி அடுப்படியை விட்டு வெளியே நடந்தாள்.

"அக்கா, பொறுங்க! அடுப்புத் திருக மூடிக்கிறேன். தொறந்திருந்தா ஆபத்து!" கண்ணம்மாள் திருகை மூடிவிட்டுப் பின்னால் ஓடினாள்.

தொட்டிக்கு முன்னால் உடையப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஆத்தூர் ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள போ" என்றார்.

"வழிய விடுங்க."

"யாருட்டப் பேசுற?"

"நாத்தத்துல சோறாக்க மாட்டேன்னு நான் சொன்னேனா?" சண்முகவள்ளி ஓரடி முன்னால் வந்தாள். "எங்கண்ணு பாதி போச்சு. வெளக்கு கொண்டாந்து மாட்டுனா அதுல எனக்கு எது தெரியும்? நீங்க எம்பேரச் சொல்லி எனக்கே வேணாம்னு சொல்லிட்டீக. இப்ப நானே சொல்றேன். எனக்கு வேணும்."

உடையப்பன் அவளை முதல் முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கண் பாதி போய்விட்டது என்பது அவருக்குத் தெரியாது. அவள் சொன்னதில்லை. அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. ஆனால் பின்னால் ஆத்தூர்க்காரர்கள் நின்றிருந்தார்கள்.

அவர் விலகிக்கொண்டார். சண்முகவள்ளி இரண்டு கையாலும் வால்வைத் திருகித் திறந்தாள்.

"சரி" என்றார் உடையப்பன். "கேஸ வச்சுக்கங்க. மாடு என்னோடது."

தொழுவத்துக்குள் நுழைந்து ஒவ்வொரு கயிறாக அவிழ்த்தார். "தோட்டத்துக் கொட்டாய்ல கட்டப்போறேன். சாணி இல்லாம டிரம்மு எப்படி எந்திரிக்குதுன்னு பாப்போம்."

கடைசியாக ஒரு வெள்ளைப் பசுவின் கயிற்றில் அவர் கை வைத்தபோது, இன்னொரு கையும் அதே கயிற்றைப் பிடித்தது. தோட்டத்திலிருந்து எப்போது வந்தான் என்று தெரியவில்லை, நல்லுசாமி நின்றுகொண்டிருந்தான்.

"இது கண்ணம்மா பொறந்த வீட்டுப் பசுண்ணே."

"விடுடா."

"விட மாட்டேண்ணே."

அண்ணனுக்கு எதிராக அவன் சொன்ன முதல் வார்த்தை அது. கயிற்றை அவன் விடவில்லை. உடையப்பன்தான் விட்டார். மற்ற மாடுகளை ஓட்டிக்கொண்டு வாசல் வழியாக, வந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், சாலையில் இறங்கி நடந்தார்.

வந்தவர்கள் வண்டியைப் பார்த்து நடந்தார்கள். நாச்சிமுத்து மட்டும், கண்ணம்மாள் அவசரமாக ஆற்றிக் கொடுத்த காப்பியை நின்றபடியே குடித்துவிட்டுத்தான் வண்டி ஏறினார்.

பாஸ்கல் தன் சாமான்களைக் கட்டியபடி கண்ணம்மாளிடம் தயங்கிச் சொன்னான். "தங்கச்சி, ஒத்தப் பசுவுச் சாணிக்கு இந்த டிரம்மு எந்திரிக்காதும்மா. இருக்கிற கேஸு நாளைக்கோ மறுநாளோ தீந்துரும்."

கண்ணம்மாள் கணவனைப் பார்த்தாள். நல்லுசாமி பசுவைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

சண்முகவள்ளி தொழுவத்து மூலையில் கிடந்த சாணிக் கூடையை எடுத்து இடுப்பில் வைத்தாள்.

"எங்கக்கா போறீக?"

"மாடு தோட்டத்துக்குப் போனா சாணியும் அங்கதான கெடக்கும். தெனம் ரெண்டு நடை நடந்துட்டுப் போறேன். உலைய வையி. வந்து நான் வெஞ்சனம் வைக்கிறேன்."

"கண்ணு தெரியாத நேரத்துல தனியாவா? நானும் வாரேன்."

"நீ அடுப்பப் பாரு."

அவள் சாலையில் இறங்கினாள். மேற்கே வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஆத்தூர் வண்டி அவளைக் கடந்து போனது. வண்டியில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். உடையப்பன் வீட்டுக்காரி, கூடையும் கையுமாக, உடையப்பன் மாடுகளுக்குப் பின்னால்.

முன்னால் போய்க்கொண்டிருந்த உடையப்பன் வண்டிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். பின்னால் வருகிறவள் யார் என்று தெரிந்ததும் நின்றுவிட்டார். மாடுகளும் நின்றன.

சண்முகவள்ளி நிற்கவில்லை.